புனிதம் ஏட்டிலா, எழுத்திலா?

உத்திரமேரூர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கக் குடவோலை எடுக்கும் நாளில் ஓர் ஓலை எப்படிக் கைமாற வேண்டும் என்பதைக்கூடக் கல்வெட்டு வரையறுத்து வைத்திருக்கிறது. விவரம் அறியாத சிறுவன் ஒருவன் குடத்துக்குள் கைவிட்டு ஓர் ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் அதை வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருந்தால்? அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை. அவன் வாசித்த பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையை வாசிக்க வேண்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் ஏற்பட்ட இந்த விதிகளை வைகுந்தப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் இன்றும் பார்க்கலாம்.

குடத்தில் பெயர் விழ வேண்டுமானால் கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். மந்திரப் பிராமணம் என்ற வேதப் பகுதியும் தெரிந்திருக்க வேண்டும். அந்த வேதமோ ஏட்டைப் பார்த்துப் படிப்பதல்ல. குரு வாயால் சொல்ல, சீடன் காதால் வாங்குவது. ஆக, அந்த ஊரார் தெய்வ வாக்கை நாவில் வைத்தார்கள். ஊர்ச் சட்டத்தைக் கல்லில் வைத்தார்கள். ஆள் பெயரை மட்டும் ஓலை நறுக்கில் எழுதினார்கள்.

அதே மண்ணில் இன்று தாளில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். எழுதாத வெள்ளைத் தாளுக்கும் இந்த மரியாதை உண்டு. வணக்கம் எழுத்துக்கா, அதைச் சுமக்கும் பொருளுக்கா?

பொருள் என்று பார்த்தால் காகிதத்தின் பிறப்பில் பெருமைப்பட ஒன்றுமில்லை. 105ஆம் ஆண்டில் சீன அரண்மனை அதிகாரி சாய் லுன் மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றை ஊறவைத்து இடித்துத் தாள் செய்ததாக அந்நாட்டு வரலாறு சொல்கிறது. இப்படிப்பட்ட தாளின் மேல் இறைவாக்கை எழுதலாமா என்ற கேள்வியும் எழுந்தது. 1409இல் வட ஆப்பிரிக்காவின் திலிம்சான் நகரில் இப்னு மர்சூக் என்ற இஸ்லாமிய அறிஞர் இதற்கு விரிவான தீர்ப்பே எழுதினார். ஐரோப்பாவிலிருந்து வந்த காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சிலுவை போன்ற நீர்க்குறிகள் தெரியும். அதில் இறைவன் பெயரை எழுதலாமா? எழுதலாம் என்றார் அவர். மேலே விழும் எழுத்து அடியிலிருக்கும் குறியை மறைத்துவிடும்.

யூதர்கள் வேறு வழி போனார்கள். இறைவன் பெயர் எழுதிய எதையும் அழிக்கக் கூடாது என்பதால், கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக்கூடத்தில் ஓர் அறையில் போட்டு வைத்தார்கள். புனித நூலோடு கடைக்கணக்கும் கடிதமும் அதில் சேர்ந்தன. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்கள் அங்கேதான் கிடைத்தன. அவருக்கு ஏடனிலிருந்து நண்பர்கள் காகிதம் அனுப்பிய செய்தியும் அவற்றில் இருக்கிறது. இந்தியாவின் மேற்குக் கரையில் அன்று காகிதம் கப்பலில் வந்த சரக்கு.

தமிழ்நாட்டில் நேர்ந்தது நேர்மாறு. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சுவடி தேடிப் போன உ.வே.சாமிநாதையரிடம், பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்யவேண்டும் என்று ஆகமம் சொல்கிறதாம், அப்படியே செய்துவிட்டோம் என்றார்கள். அப்படிச் சொல்லும் ஆகமத்தைத்தான் முதலில் ஆகுதி செய்திருக்க வேண்டும் என்று கொதித்தார் ஐயர். எரித்தவர்களிடம் பக்திக்குக் குறைவில்லை. நெய்யும் மந்திரமும் ஏட்டுக்குக் கிடைத்தன. உள்ளே இருந்த நூலைப் படியெடுக்கத்தான் யாரும் உட்காரவில்லை. ஓலையைக் கரையான் தின்னும், எனவே சில தலைமுறைக்கு ஒருமுறை புதிய ஓலையில் எழுதியாக வேண்டும். அந்தக் கை ஓய்வெடுத்தால் ஏட்டுக்குச் செய்யும் பூசை நூலைக் காப்பாற்றாது.

உத்திரமேரூர்க் கல்லைப் படியெடுக்கக் காகிதம்தான் வந்தது. பராந்தகன் கல்வெட்டுகள் தொல்லியல் துறையின் 1898ஆம் ஆண்டுப் பட்டியலில் 1, 2 என்ற எண்களைப் பெற்றன. படியெடுக்கும் முறை எளிது, பொறுமைதான் வேண்டும். கல்லைத் தேய்த்துக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, தூரிகைக் கட்டையால் தட்டித் தட்டித் தாளை எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்குவார்கள். பிறகு மை தோய்ந்த பொதியால் ஒற்றுவார்கள். மேடு கறுக்கும், பள்ளம் வெள்ளையாக நிற்கும். மைப் பரப்பில் ஆயிரம் ஆண்டு எழுத்து வெள்ளையாகத் தெரியும்.

ஆலைக்குப் போனால் கேள்வி தலைகீழாகிறது. 1979இல் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. பழைய தாளின் மையை நீக்கிக் கூழாக்கும் பிரிவும் அங்கே உண்டு. இந்த வேலையில் கூழோடு சோப்பைக் கலந்து காற்றைச் செலுத்துவார்கள். மை நுரையோடு மேலே வரும். வழித்தெடுத்தால் நார் மிஞ்சும். எழுத்து குறியை மறைத்துவிடும் என்றார் இப்னு மர்சூக். இங்கே எழுத்தையே கழுவி நாரை மீட்கிறார்கள். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்ட பக்தி மலரும் தேர்வுத்தாளும் ஒரே தொட்டியில் கரையலாம். எழுத்துதான் புனிதம் என்றால் அது நுரையோடு போயிற்று. தாள்தான் என்றால் புதுத் தாளாகத் திரும்பி வருகிறது.

கல்லிலிருந்து ஒற்றியெடுத்த தாளை வெறும் படிதானே என்று ஒதுக்கவும் முடியவில்லை. மைசூருவில் இருந்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று வழக்குத் தொடுத்து, 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் உத்தரவு பெற்றார்கள். கல் உடைந்தும் தேய்ந்தும் போன இடங்களில் அந்தத் தாளே மூலம். அவற்றை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிய பிறகும் தாளைத் தூக்கிப்போட எந்தக் கல்வெட்டறிஞரும் சம்மதிக்க மாட்டார். அதற்கு அவர் சொல்லும் காரணத்தில் ஆகமம் எதுவும் இல்லை: ஓர் எழுத்தில் ஐயம் வந்தால் தாளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, மை படாத பள்ளத்தையும் விரலால் தடவிப் பார்க்கலாம், திரையில் அது முடியாது.