பாரம் இறங்கட்டும், அப்புறம் இறுக்கு

மலேசியாவின் ஜொகூரில், சாஆவிலிருந்து பெக்கோக் போகும் வழியில் செம்பனைத் தோட்டத்துக்குள் இறங்கும் மண்சாலை ஒன்று உண்டு. தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்த காலத்தில் வாங்கிய சுசுகி எஸ்ஜே410 ஜீப்பில்தான் இன்றைக்கும் அந்தச் சாலையில் போய்வருகிறேன். ஆயிரம் சிசிகூட நிரம்பாத சின்ன இன்ஜின். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். மழைக்காலத்தில் பெரிய வண்டிகள் சேற்றில் நிற்கும் இடத்தில் இது ஊர்ந்து ஏறிவிடும்.

போன ஆண்டு அந்தப் பட்டைகள் தளர்ந்து, வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. ஒரு பட்டறையில் விட்டு நான்கு பக்கமும் புதுப் பட்டை, புது ரப்பர் புஷ், புது அப்சோர்பர் போட்டேன். வண்டி நிமிர்ந்து நின்றது, பார்க்க அழகாக இருந்தது. ஓட்டியபோதுதான் கோளாறு தெரிந்தது. சின்னக் கல்லில் ஏறினாலும் அடி நேரே முதுகெலும்புக்கு வந்தது. பழைய, தேய்ந்த பட்டையில்கூட இப்படி அடித்ததில்லை.

அதே வாரம் சனிக்கிழமை, கோயிலில் நான் நடத்தும் திருமுறை வகுப்பு முடிந்ததும் ஓர் அம்மா தயங்கி நின்றார். "ஐயா, விரதம் இருந்தா மனசு கனியும்னு சொல்றீங்க. நான் நாப்பத்தெட்டு நாள் விரதம் எடுத்து இன்னிக்கு இருபதாவது நாள். முன்னைக்கு இப்பதான் பிள்ளைங்ககிட்ட எரிஞ்சு விழறேன். கடைசிப் பையன் என்னைப் பார்த்தாலே ஒதுங்கிப் போறான். என்கிட்ட என்ன கோளாறு?"

"பழவினை கரையும்போது அப்படித்தான்மா இருக்கும்" என்று சொல்லி அனுப்பினேன். சொன்ன சொல் எனக்கே ஒட்டவில்லை. அன்று ராத்திரி தூங்கவும் முடியவில்லை.

துன்பம் வந்தவுடன் அதற்கு ஒரு காரணத்தைச் சொல்லிவிடுவது நம்மிடம் உள்ள பெரிய குறை. வினை, கிரகம், கண்ணேறு, எது கைக்கு எட்டுகிறதோ அதை எடுத்து நீட்டுகிறோம். சைவ சித்தாந்தம் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியாரில், சுபக்கம் என்ற பகுதியின் முகப்பிலேயே அளவை நிற்கிறது. கடவுளைப் பேசும் முன், ஒன்றை எப்படி அறிகிறோம் என்பதைப் பேசிவிடுகிறார். பத்து அளவைகள் வரை சொல்வோர் உண்டு. காண்டல் (நேரே காண்பது), கருதல் (ஊகித்து அறிவது), உரை (அறிந்தவர் சொல்) என்ற மூன்றிலேயே அவை அடங்கும் என்பது அவர் கொள்கை. காண்டலிலும் வகை பிரிக்கிறார். அதில் ஒன்று தன்வேதனைக் காட்சி, தன் இன்ப துன்பத்தைத் தானே உணர்வது.

என் முதுகில் விழுந்த அடி தன்வேதனைக் காட்சி. அந்த அம்மாவின் எரிச்சலும் அதுதான். வலி இருக்கிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் எங்கிருந்து வருகிறது என்பதை வலி சொல்லாது. அதற்குக் கருதல் வேண்டும். நான் அந்த அம்மாவுக்குக் கொடுத்த பதிலில் கருதல் கொஞ்சமும் இல்லை.

மறுநாள் காலை வண்டியைப் பார்க்க உட்கார்ந்தேன். முதலில் டயர். பட்டறையில் 40 பிஎஸ்ஐ அடித்து அனுப்பியிருந்தார்கள்; இவ்வளவு லேசான வண்டிக்கு அது மிக அதிகம். 26க்கு இறக்கினேன். சரளைக் கல் உறுத்துவது குறைந்தது, குழியில் விழும் அடி குறையவில்லை. பட்டை மிகக் கனமானதோ என்று பின்னால் ஐம்பது கிலோ உர மூட்டை இரண்டை ஏற்றி ஓட்டினேன். பட்டைதான் காரணம் என்றால் பாரம் ஏறியதும் வண்டி மென்மையாக வேண்டும். ஆகவில்லை. பிறகு அப்சோர்பர்களின் கீழ் போல்ட்டைக் கழற்றிக் கட்டிவைத்து, வீட்டு வாசலிலேயே நடை வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறக்கிப் பார்த்தேன். அடி அப்படியே இருந்தது. அப்சோர்பர் வேலை செய்யாதபோதும் அடி இருக்கிறது என்றால், அடிக்கு அப்சோர்பர் காரணம் இல்லை. குளிர் இல்லாமையால் பனி இல்லாமையை அறிவதை அனுபலத்தி ஏது என்று வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன். பாரம் ஏறியும் மென்மை இல்லாததை வைத்துப் பட்டையில் குற்றம் இல்லை என்று அறிந்த அன்றைக்குத்தான் அந்த வழி என் கைக்கு வந்தது.

கடைசியில் பின் பம்பரில் ஏறி நின்று அழுத்தினேன். வண்டி இறங்கியது. இறங்கினேன். வண்டி முழுதாக மேலே வராமல் நடுவில் நின்றுவிட்டது. ஸ்பிரிங் என்றால் திரும்பி வர வேண்டும். எதுவோ பிடித்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது அளவையான உரை தெரு முனையிலிருந்து வந்தது. தோட்டத்து லாரிகளுக்கு வெகுகாலம் போர்மேனாக இருந்த பெரியவர் ஒருவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "தூக்கி வெச்சுக்கிட்டு இறுக்கிட்டானுங்க தம்பி. பாரம் இறங்கட்டும், அப்புறம் இறுக்கு" என்றார்.

பட்டையின் கண்ணிலும் ஷாக்கிளிலும் இருக்கும் ரப்பர் புஷ் பேரிங்போல உருளாது. போல்ட்டை இறுக்கியதும் நடுக்குழாயை இறுகப் பற்றிக்கொள்ளும். பட்டை அசையும்போது ரப்பர் முறுகி விடுபடும், அவ்வளவுதான் அதன் அசைவு. வண்டியை ஸ்டாண்டில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால், தொங்கும் நிலையே தன் இயல்பு நிலை என்று ரப்பர் பிடித்துக்கொள்ளும். வண்டியைத் தரையில் இறக்கிய நொடியிலிருந்து அது முறுகியே கிடக்கும். மேலும் மடங்க வேண்டிய இடத்தில் எதிர்த்து நிற்கும். அந்த எதிர்ப்புத்தான் முதுகுக்கு வருகிறது. பொருளும் நல்லது, இறுக்கமும் சரி. இறுக்கிய நேரம்தான் தவறு.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்திலும் பாரம் நிற்க, போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். பின் இடது பக்கம் "டக்" என்று ஒரு சத்தம். வண்டி இரண்டு விரல் அளவு தாழ்ந்தது. இரண்டு முறை குலுக்கிவிட்டு, அதே போல்ட்டுகளை அதே அளவுக்கு இறுக்கினேன். அதற்குப் பிறகு அடி இல்லை.

சுகம் என்ற சொல் ரிக் வேதத்தில் தேருக்கு அடைமொழியாக வருகிறது. சு என்றால் நல்ல, க என்றால் துளை. அச்சுத்துளை நன்றாக அமைந்து இலகுவாக ஓடும் தேர் என்பது பொருள். துக்கம் அதற்கு எதிராக அமைந்த சொல் என்று கொள்ளும் அறிஞர்கள் உண்டு. நம் முன்னோர் வண்டியில் உட்கார்ந்து முதுகு நொந்தவர்கள் என்று நினைக்க எனக்கு மனம் நெகிழ்கிறது.

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மாவை உட்காரவைத்து, இந்த முறை கேட்டேன். விரதம் எப்போது தொடங்கினார்? பள்ளி விடுமுறையில். பிள்ளைகள் லாபிஸில் தாத்தா வீட்டில் இருந்தார்கள். படுக்கையில் இருக்கும் மாமியாரை மைத்துனர் கூட்டிப் போயிருந்தார். தொழிற்சாலையில் பகல் ஷிப்ட். அந்த நாள்களில்தான் விடியற்காலை நாலரைக்குக் குளியல், ஒருவேளை உணவு, தினம் இரண்டு மணிநேரம் பாராயணம் என்று முடிவுசெய்திருக்கிறார். பத்தாம் நாள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஷிப்ட் இரவுக்கு மாறியது. அவர் விரதத்தில் எதையும் மாற்றவில்லை. ஒவ்வொரு நாளும் முறுகிக்கொண்டே இருந்திருக்கிறார். யாராவது கொஞ்சம் அழுத்தினால் அடி பிள்ளைகள்மேல் விழுந்தது.

அப்படியானால் விரதமே வேண்டாமா என்று வகுப்பில் ஒரு தம்பி கேட்டான். போல்ட்டைத் தளர்த்தியே விட்டால் வண்டி நேராக ஓடாது, அச்சு நகர்ந்து உயிரையே வாங்கிவிடும். கடுமை வேண்டும். பெரிய புராணத்துத் திருநீலகண்டரைப் பாருங்கள். மனைவி திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுத் தம்மைத் தொட வேண்டாம் என்றதும், எந்தப் பெண்ணையும் தீண்டுவதில்லை என்று உறுதிகொண்டார். அதற்காகக் காட்டுக்குப் போகவில்லை. அதே வீட்டில், அதே மனைவியோடு, குயவுத் தொழில் செய்துகொண்டு, ஊரார் அறியாமல், முதுமை வரும்வரை அதைக் காத்தார். இளையான்குடி மாறனார் செல்வம் இருந்தபோது மட்டுமா அடியாருக்கு அமுது இட்டார்? எல்லாம் போன பிறகும், விதைத்த நெல்லை மழை இருட்டில் வாரிக்கொண்டுவந்து இட்டார். இவர்களிடம் கடுமை உண்டு, அந்தக் கடுமை யார்மேலும் அடியாக விழவில்லை. முழுப் பாரமும் மேலே இருக்கும்போதே உறுதி பூண்டவர்கள், அல்லது பாரம் கூடியபோதும் அதோடு சேர்ந்து அசையத் தெரிந்தவர்கள்.

அந்த அம்மா விரதத்தை விடவில்லை. குளியலை ஷிப்ட் முடிந்து வரும் நேரத்துக்கு மாற்றிக்கொண்டார். பாராயணத்தை மாமியாரின் கட்டிலருகே உட்கார்ந்து அரைமணிநேரம் செய்தார். ஒருவேளை உணவு அப்படியே இருந்தது. நாற்பத்தெட்டாம் நாள் பால்குடம் எடுத்தபோது கடைசிப் பையன் அவர் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான்.

வரும் தைப்பூசத்துக்கு விரதம் தொடங்கப் போகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வீட்டில் எல்லோரும் இருக்கும் நாளில் உட்கார்ந்து முடிவுசெய்யுங்கள்.