தந்தியைத் துடைக்கும் கை

கடலும் குன்றும் நெருங்கி நிற்கும் கெலுகோரில் எஃகுத் தந்திக்குப் பகை காற்றேயாகும். பினாங்குத் தீவின் ஈரம் ஆண்டு முழுவதும் ஓய்வதில்லை. அதனோடு விரலின் வியர்வையும் சேருமாயின், மாண்டலினின் எட்டுத் தந்திகளும் விரைவில் கறுத்துத் துருவேறி ஒலி மழுங்கும். வாசித்து முடித்ததும் ஒவ்வொன்றையும் உலர்ந்த துணியால் துடைத்து வைப்பவனது கருவி நெடுநாள் பேசும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அதனை விட்டுச் சென்றவன், பசை இளகிப் பலகை விலகிய பின் கடைக்காரரை நொந்து பயனில்லை.

மாண்டலினின் குதிரை பலகையோடு ஒட்டப்படுவதன்று. தந்திகளின் அழுத்தமே அதனைப் பிடித்து நிறுத்துகிறது. ஆதலின் பழந்தந்திகளை மாற்றுவோர் எட்டையும் ஒருசேரக் கழற்றார். ஒன்றைக் கழற்றி, அவ்விடத்தில் புதியதைக் கட்டிச் சுருதியேற்றிய பின்னரே அடுத்ததைத் தொடுவர். குதிரை நகர்ந்தால் கருவி ஊமையாகிவிடாது. மெட்டுகள் பொய் சொல்லத் தொடங்கும். அது ஊமையாவதினும் கொடிது.

இத்தாலியில் பிறந்த இக்கருவிக்கும் வயலினுக்கும் சுருதியமைப்பு ஒன்றே. அயர்லாந்து, ஸ்காட்லாந்து நாட்டு வயலின் கலைஞர் பரம்பரையாகக் காத்த ஆடல் மெட்டுகள் மாண்டலினில் எளிதாக விரலுக்கு வசப்படுவதன் காரணம் இதுவே. கருவியைப் பேணக் கற்கும் இளைஞன் ஒருவன் அம்மெட்டுகளையும் கண்டறிந்து மகிழும்போது, வீட்டுப் பெரியவர் வினவக்கூடும்: “நம்மை ஆண்டவருடைய பட்டாளத்துப் பாட்டு நமக்கு எதற்கு?”

எளிதில் தள்ளத்தக்க வினாவன்று இது. கெலுகோரிலேயே அறிவியல் பல்கலைக்கழகம் 1971 முதல் இயங்கிவரும் மிண்டன் வளாகம் முன்னர் ஆங்கிலேயர் படைவீடாக இருந்தது. 1759இல் ஐரோப்பாவில் நடந்த மிண்டன் போரின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. ஆண்டவரின் பெயர் மண்ணில் ஒட்டிக்கொள்ளும். பாட்டும் அவ்வாறே ஒட்டிக்கொண்டதுதானா?

முத்துசாமி தீட்சிதரின் வாழ்க்கை இங்கு எண்ணத்தக்கது. சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த காலத்தில், புரவலர் முத்துக்கிருஷ்ண முதலியாரின் துணையால் புனித ஜார்ஜ் கோட்டையின் பாண்டு வாத்திய இசையைத் தீட்சிதர் குடும்பத்தார் கேட்டனர். இளவல் பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்று அதனைக் கருநாடக இசைக்குக் கொணர்ந்தார். முத்துசாமி தீட்சிதரோ கேட்ட மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் அமைத்தார். அவை ஏறத்தாழ நாற்பது. ‘வந்தே மீனாட்சி’ அயர்லாந்து மெட்டொன்றில் அமைந்தது. ‘சந்ததம் பாஹி மாம்’ ஆங்கில அரசனை வாழ்த்தும் பாடலின் மெட்டு. அரசன் இருந்த இடத்தில் அம்பிகையை அமர்த்திய துணிவை அடிமைத்தனம் என்று யார் கூறுவர்? அதனினும் நுட்பமானது ஒன்றுண்டு. கமகம் ஏற்றி, வேறு இராகச் சாயல் பூசி, கடன் பெற்றதை மறைக்க வல்ல மேதை அவர். அவ்வாறு மறைக்கவில்லை. நோட்டுஸ்வரம் என்னும் பெயரே மெட்டு வந்த வழியைச் சொல்லிவிடுகிறது.

ஆண்டவர் இசை என்னும் சொல்லும் முழு உண்மையன்று. கும்பினிப் படையில் அயர்லாந்தியர் பலர் இருந்தனர். அவர்தம் தாயகமும் ஆங்கிலேய ஆட்சியின்கீழ் நொந்ததே. 1792இல் பெல்பாஸ்ட் நகரில் அயர்லாந்து யாழிசைஞர் பதின்மரும் வேல்சு நாட்டவர் ஒருவரும் மட்டுமே கூடினர். பலர் பார்வையற்றோர், ஒருவர் தொண்ணூறு கடந்தவர். பத்தொன்பது வயது எட்வர்ட் பண்டிங் அமர்ந்து அவர்கள் வாசித்ததை எழுதினார். மெட்டுகள் பல பிழைத்தன. உலோகத் தந்தியை நகத்தால் மீட்டும் அந்தப் பழைய முறையோ, அம்முதியோருக்குப்பின் அடுத்த தலைமுறைகளில் அறுந்துபோயிற்று.

இதைக் கேட்கும் தமிழ் மாணவனுக்கு நம் யாழ் நினைவுக்கு வராமலிராது. நமது என்று நாம் உரிமை கொண்டாடும் கருவி அது. பண்ணல், ஆராய்தல் என அதன்மேல் கை செய்யும் தொழிலுக்கெல்லாம் தனித்தனிப் பெயரிட்ட காப்பியம் நம்மிடம் உண்டு. ஆயினும் கருவி மறைந்தது. ஈழத்துக் காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, 1947இல் வெளியிட்ட ‘யாழ்நூல்’ வழியே அதனைக் கணக்கிட்டு மீட்க முயன்றார். நூல் கிடைத்தது. தந்தையின் கையைப் பார்த்து மகன் கற்கும் தொடர்ச்சியை எந்த நூலால் தர இயலும்? நமது என்னும் உரிமை அன்று யாழைக் காக்கவில்லை. நமதன்று என்னும் குறை வயலினைத் தடுக்கவுமில்லை. அயல் இசையைக் கேட்டதால் யாழ் அழிந்தது என்று எவரும் கூற முடியாது.

1969இல் ஆந்திரத்துப் பாலக்கொல்லில் பிறந்த சீனிவாசன், தந்தையார் வீட்டில் வைத்திருந்த மாண்டலினைச் சிறுவயதிலேயே கையில் எடுத்தார். ஆசிரியர் சுப்பராஜுவுக்கு அக்கருவி வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார்; பையன் அந்தப் பாட்டைத் தந்தியில் தேடுவான். இரட்டைத் தந்திகளில் கமகம் இழைவது அரிதென்று கண்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்தாக அதனை மாற்றியமைத்தார், ஒலிபெருக்கியையும் துணைக்கொண்டார். 2014இல் அவர் மறைந்தபோது, மாண்டலின் கருநாடக இசைக்கு ஏற்றதா என்று ஐயுறுவார் அருகிவிட்டனர்.

கெலுகோர் இளைஞனுக்குப் பெரியவர் கேட்ட வினா இன்னும் நிற்கிறது. அவன் மறுமொழி சொல்லவில்லை. மூன்றாம் தந்தியைக் கழற்றியிருக்கிறான். மற்ற ஏழும் குதிரையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.