தீர்ப்புக்குப் பின் வரும் நீதி

வழக்கில் வென்றுவிட்டோம் என்று மகிழ்ந்து நீதிமன்றப் படியிறங்குவோர் பலர். அவர்கள் கையில் இருப்பது என்ன? உரிமையியல் வழக்கில் நீதிபதி முதலில் காரணங்களோடு தீர்ப்பை உரைக்கிறார். அதனை அடியொற்றி, யார் யாருக்கு எதைச் செய்ய வேண்டும் என்று வரையறுக்கும் தீர்ப்பாணை எழுதப்பட்டுக் கையொப்பமாகிறது. மக்கள் அதனை 'டிக்கிரி' என்பர். தோற்றவர் தாமாகப் பணிந்தாலன்றி, அது வெறும் தாளே. நிலத்தையோ பணத்தையோ பெறுவதற்கு, வென்றவர் நிறைவேற்று மனுவோடு மீண்டும் படியேற வேண்டும்.

இந்தியாவில் வழக்காடுவோரின் இன்னல், தீர்ப்பாணை பெற்ற பின்னரே தொடங்குகிறது என்னும் கருத்தை 1872-இலேயே இலண்டன் பிரிவி கவுன்சில் வெளியிட்டது. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021-இல் பணித்தது. 2025-இல் அந்நீதிமன்றம் கணக்குக் கேட்டபோது, நாடெங்கும் 8 இலட்சத்துக்கும் மேற்பட்ட மனுக்கள் தேங்கிக் கிடப்பது தெரியவந்தது.

அப்படியாயின் சட்டத்தின் கரம் இன்னும் கடுமையாக வேண்டுமா? ஜப்தி ஆணையோடு அமீனா சென்று நிற்பது ஒரு குடும்பத்தின் வாசலில் அல்லவா? 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதை மறக்கவில்லை. உடுக்கும் உடை, சமையல் பாத்திரம், படுக்கை, சமய வழக்கப்படி ஒரு பெண் கழற்றலாகாத அணி, கைவினைஞனின் கருவி, உழவனின் பிழைப்புக்குத் தேவையான கால்நடை, விதைத் தானியம் ஆகியவற்றை ஜப்தி செய்யலாகாது என்கிறது. பொருள்களைக் கைப்பற்றுவதற்காகக் கதிரவன் மறைந்த பின் குடியிருக்கும் வீட்டினுள் நுழையவும் தடை விதிக்கிறது. திரிகைக் கல்லை அடகாக வாங்காதே, ஏழையின் போர்வையைக் கதிரவன் மறையுமுன் திருப்பிக் கொடு என்னும் இணைச்சட்ட நூலின் கட்டளைகளை அறிந்தவர்க்கு இவை புதியன அல்ல.

இந்த இரக்கம் யாருடைய செலவில் காட்டப்படுகிறது என்ற வினா எழும். கடன் கொடுத்தவரும் ஏழையாக இருக்கலாம். சீவனாம்சத்துக்குக் காத்திருக்கும் பெண்ணாகவும் இருக்கலாம். இங்கேதான் ஒரு வேறுபாடு இன்றியமையாததாகிறது. கொச்சி வங்கி தொடர்பான வழக்கில், 1980-இல் நீதியரசர் வி. ஆர். கிருஷ்ணய்யர் அதனைத் தெளிவுபடுத்தினார்: கடனைச் செலுத்தவில்லை என்பதற்காக மட்டும் ஒருவரைச் சிறையிடலாகாது, வசதியிருந்தும் தீய எண்ணத்தோடு மறுத்தார் என்பது புலப்பட வேண்டும். இல்லாதவர் வேறு, இருந்தும் இல்லையென்பவர் வேறு. முன்னவரை நெருக்குவது கொடுமை. பின்னவரை விட்டுவிடுவதும் கொடுமையே. அது வென்றவர் மீது இழைக்கப்படுவது.

இவ்வேறுபாட்டை நீதிமன்றம் சாட்சியத்தால் தேடுகிறது; மனச்சான்றோ சாட்சியின்றியே அறியும். சொத்தை மைத்துனன் பெயருக்கு மாற்றிவிட்டு, வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கி, பொய்யான ஆட்சேபணை மனுக்களால் ஆண்டுகளைக் கடத்துபவர், சட்டத்தின் பார்வையில் தம் உரிமையைக் கையாள்பவராகத் தோன்றலாம். இறைவன் திருமுன் அவர் ஏழாம் கட்டளையை ஒவ்வொரு நாளும் மீறுகிறவர். பிறர் பொருளை உடனே திருப்பித் தர வேண்டும், இயலாதபோது உரியவரிடம் தவணை கேட்க வேண்டும் என்பது புனித தோமா அக்குவினாஸ் கற்பித்தது. ஒளிந்துகொள்வதற்கும் தவணை கேட்பதற்கும் இடையே எவ்வளவு தொலைவு! தவணை கேட்பவர் தம் கடனை ஏற்றுக்கொள்கிறார். எதிரே நிற்பவரையும் மனிதராக மதிக்கிறார்.

லூக்கா நற்செய்தியின் கைம்பெண் நேர்மையற்ற நடுவரிடம் ஓயாது முறையிட்டாள். அந்நடுவரைக் குறித்து நாம் பல மறையுரைகள் கேட்டிருக்கிறோம். அவளை நடுவரிடம் துரத்திய எதிராளியைக் குறித்து எண்ணிப் பார்த்ததில்லை. அவன் நேர்மையோடு நடந்திருந்தால் அவள் அங்கே போக நேர்ந்திராது. நம்மீது தீர்ப்பாணை இருக்குமாயின், அமீனா வருமுன் நாமே அவர் வீட்டுக்குச் செல்வோம்.