மேல்தளத்தில் சமாதானம்

எழுப்புதல் கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவரின் கதைக்கு ஒரு வார்ப்பு உண்டு. நான் பாவியாக இருந்தேன். குடித்தேன், கடன்பட்டேன், சாகவும் துணிந்தேன். ஓர் இரவில் ஆண்டவர் என்னைத் தொட்டார். இன்று என் உள்ளத்தில் சொல்லி முடியாத சமாதானம். கூட்டம் அல்லேலூயா சொல்கிறது. ஒலிபெருக்கியில் இதைக் கேட்டபடி வீதியில் போகிற பகுத்தறிவுக்காரர் என்ன சொல்வார்? 'நடிப்பு' என்பார், இல்லையென்றால் 'காணிக்கைக்கு ஏற்பாடு' என்பார். இரண்டும் சோம்பேறித்தனமான பதில்கள். குடியை விட்டவனை அவன் தெருவுக்கே தெரியும். விடிய விடிய அழுது ஜெபித்து எழுந்து, மறுநாள் வேலைக்குப் போனவனின் முகத்தில் தெரிகிற தெளிவை நாம் இல்லையென்று சொன்னால் நம் கண்ணில்தான் கோளாறு.

நான் சொல்ல வருவது இதைவிடச் சங்கடமானது. அந்த நிம்மதி உண்மை. ஆனால் அதைக் கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. கடவுள் இருக்கிறார் என்பதை மட்டுமல்ல, அதை அனுபவிக்கிறவர் நல்லவராகிவிட்டார் என்பதைக்கூட.

இதற்கு நாத்திகர் எவரையும் நான் சாட்சிக்குக் கூப்பிடப் போவதில்லை. கிறிஸ்தவ உலகம் கொண்டாடும் ஒரு போதகரே போதும். ஜான் நியூட்டன்: 'அமேசிங் கிரேஸ்' பாடலை எழுதியவர்.

1725-இல் லண்டனில் பிறந்தார். வேதம் சொல்லிக் கொடுத்த தாய், அவருக்கு ஏழு வயது நிறைவதற்கு முன்பே இறந்துபோனார். அப்பா கப்பல்காரர்; மகனும் கடலுக்குப் போனார். கடற்படையிலிருந்து ஓடப் பார்த்துச் சவுக்கடி வாங்கினார். மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஓர் அடிமை வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்து, பட்டினியும் காய்ச்சலுமாய், கிட்டத்தட்ட அடிமையாகவே கிடந்தார். மீட்கப்பட்டு ஊர் திரும்பும் வழியில், 1748 மார்ச்சில், அவர் வந்த 'கிரேஹவுண்ட்' என்ற கப்பல் புயலில் சிக்கி உடைந்தது. அதிலிருந்த சரக்கு தேன்மெழுகும் மரமும். இலேசான சரக்கு என்பதால் கப்பல் மூழ்கவில்லை என்று நான் சொல்வேன். கர்த்தர் தாங்கினார் என்று அவர் சொன்னார். அந்தச் சண்டை இங்கே வேண்டாம். அந்த நாளை அவர் சாகும்வரை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தார்.

பிரசங்கங்களில் இந்தக் கதை இதற்கு மேல் வேகமாக ஓடும். புயலில் மனந்திரும்பினார், அடிமை வியாபாரத்தை உதறினார், பாட்டு எழுதினார், முடிந்தது. நடந்தது வேறு. புயலுக்குப் பிறகு அதே ஆண்டில் ஓர் அடிமைக் கப்பலில் கேப்டனுக்கு அடுத்த அதிகாரியாகச் சேர்ந்தார். 1750-இல் தாமே கேப்டன் ஆனார். 1754 வரை மூன்று பயணங்கள். ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்கி, அட்லாண்டிக்கின் அக்கரையில் விற்றார். ஞாயிறுதோறும் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். கலகத்துக்குத் திட்டமிட்டதாகச் சந்தேகப்பட்ட சிறுவர்களைச் சங்கிலியில் பூட்டி, உண்மையை வரவழைக்கக் கட்டைவிரலை நசுக்கும் திருகுக் கருவியைக் 'கொஞ்சம்' பயன்படுத்தியதாக அவருடைய கப்பல் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. கடலை விட்டதற்குக் காரணம் மனசாட்சியா என்றால், அதுவும் இல்லை. 1754-இல் திடீரென வலிப்பு வந்து விழுந்தார். மருத்துவர்கள் போகக் கூடாது என்றார்கள்.

பத்து ஆண்டு கழித்து, 1764-இல், அவருடைய சாட்சி நூலாக வந்தது. அதில் அவர் ஒன்று சொல்கிறார்: கினி கரைக்குச் சென்ற கடைசி இரண்டு பயணங்களில் கிடைத்ததைப் போல இனிமையான, அடிக்கடி வாய்த்த தெய்வ உறவை அவர் வேறெப்போதும் அறிந்ததில்லையாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றாக வேண்டும். நட்சத்திரங்களுக்குக் கீழே, மேல்தளத்தில், ஒரு மனிதர் கடவுளோடு பேசிக்கொண்டிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. பொய் சொல்கிறவர் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார். அவர் காலடிப் பலகைக்குக் கீழே என்ன இருந்தது என்பதையும் அவர் வாயாலேயே கேட்கலாம், ஆனால் அதற்கு 1788 வரை காத்திருக்க வேண்டும். அந்த ஆண்டு எழுதிய துண்டுநூலில் கணக்குச் சொல்கிறார்: நூறு டன் கப்பலில் 220 முதல் 250 பேர். கீழறையின் உயரம் சுமார் ஐந்தடி, சில கப்பல்களில் அதுவும் இல்லை. அந்த உயரத்தையும் நடுவில் பலகை போட்டு இரண்டாக்கி, அலமாரியில் புத்தகம் அடுக்குவதுபோல மனிதர்களை அடுக்கினார்கள் என்று அவரே ஒப்பிடுகிறார். இரண்டிரண்டு பேராய்ச் சேர்த்து விலங்கு. ஒருவர் புரண்டால் மற்றவருக்கும் வலிக்கும்.

அந்த இனிமை இந்தப் பலகைக்கு மேலேதான் கிடைத்தது. பலகை அதைத் தடுக்கவில்லை. அந்த இனிமையும் பலகையைப் பெயர்க்கவில்லை.

'அவர் காலத்து மனிதர், காலம் அப்படி' என்று ஒரு சமாதானம் சொல்வார்கள். நியூட்டனும் தம் 1764 நூலில் அதையே சொல்கிறார்: அந்தத் தொழில் கௌரவமானதாகக் கருதப்பட்டது, தாம் ஒரு சிறைக்காவலர் போல இருப்பது மட்டும் உறுத்தியது, வேறு தொழில் தரும்படி ஜெபித்ததும் உண்டு. உறுத்தலை நான் மறுக்கவில்லை. ஆனால் காலத்தின் மேல் பழி போடுவதற்கு இடமில்லை. அவர் பிறப்பதற்கு 37 ஆண்டுகளுக்கு முன்பே, 1688-இல், பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் குவேக்கர் கிறிஸ்தவர்கள் சிலர், மனிதரை வாங்குவதும் விற்பதும் தகாது என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். நியூட்டன் கடலை விட்ட அதே 1754-இல், நியூஜெர்சியைச் சேர்ந்த ஜான் உல்மன் என்ற குவேக்கர் அடிமை வைத்திருப்பதற்கு எதிராக ஒரு நூலை வெளியிட்டார்.

இந்த உல்மன் எனக்குப் பிடித்த மனிதர். பகுத்தறிவுக்காரனுக்கு ஒரு பக்தரைப் பிடிக்கக் கூடாது என்று விதி ஏதும் இல்லையே. இளம் வயதில் ஒரு கடையில் எழுத்தராக இருந்தபோது, முதலாளி ஒரு கறுப்பினப் பெண்ணை விற்பதற்கான பத்திரத்தை எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்துவிட்டார். பிறகு அது அவரை விடவில்லை. அடுத்து வந்தவர்களுக்கு அடிமைகளைச் சொத்தாகப் பிரித்துக் கொடுக்கும் உயில் எழுத மறுத்தார். அடிமைகளை வைத்திருந்தவர் வீட்டில் தங்கினால், தமக்கு வேலை செய்த அடிமைகளுக்குக் கூலி கொடுத்துவிட்டுப் போனார். சாயம் போட்ட துணியைக்கூட விட்டார். வெள்ளைத் தொப்பியும் சாயமில்லாத உடையுமாய் அவர் நடந்து போனால் சொந்தக் கூட்டத்தாரே முகம் சுளித்தார்கள். அவருடைய விசுவாசம் அவருக்குக் கொடுத்தது நிறைவு என்றால், அந்த நிறைவு அவரை ஓரிடத்தில் உட்காரவிடவில்லை.

அதே வேதம், அதே கிறிஸ்து. ஒருவரைத் தாலாட்டியது, ஒருவரைத் தூங்கவிடவில்லை. ஆகவே 'கிறிஸ்தவம் மனிதனை மாற்றுகிறதா' என்ற கேள்வியே மழுங்கலான கேள்வி. யாரிடம் கேட்டு முடிவு செய்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மேல்தளத்துச் சாட்சி 1764-இல் வந்ததென்றால், கீழ்த்தளத்துச் சாட்சி 1789-இல் வந்தது. ஒலாடா எக்கியானோ, அடிமையாக விற்கப்பட்டு, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தால் தம்மையே விலை கொடுத்து மீட்டுக்கொண்டவர், தம் வாழ்க்கை வரலாற்றை லண்டனில் வெளியிட்டார். அவரும் மனந்திரும்பிய கிறிஸ்தவர்தான். நூலின் முகப்புப் படத்தில் கையில் வேதத்தைத் திறந்து வைத்திருக்கிறார். ஆனால் அவர் ஆன்மிக ஆறுதலைப் பெற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிடவில்லை. கப்பலின் கீழறை நாற்றத்தை எழுதினார், ஊர் ஊராகப் போய்ப் பேசினார், பாராளுமன்றத்தை நெருக்கினார். நியூட்டன் வாய் திறந்தது இந்தக் காலத்தில்தான். 1787-இல் லண்டனில் அடிமை வியாபார ஒழிப்புக் குழு அமைந்து, குவேக்கர்களும் கறுப்பின எழுத்தாளர்களும் விவரங்களைத் தெருவுக்குக் கொண்டுவந்த பிறகு, 1788-இல், புயலுக்கு நாற்பது ஆண்டுகள் கழித்து, தாம் செய்தது வெட்கக்கேடு என்று வெளிப்படையாக எழுதினார். பாராளுமன்ற விசாரணையில் சாட்சியும் சொன்னார். 1807 மார்ச்சில் அடிமை வியாபாரத் தடைச் சட்டம் வந்தது. அந்த டிசம்பரில் அவர் இறந்தார்.

நியூட்டனின் மறுபிறப்பை 1748-இல் வைப்பது சபையின் வழக்கம். நான் 1788-இல் வைப்பேன். 1748-இல் அவருக்கு மாறியது தம்மைப் பற்றிய உணர்ச்சி. 1788-இல்தான் மற்றவனுடைய உடம்பைப் பற்றிய கணக்கு மாறியது. முழு விசுவாசியானது புயலுக்கு வெகு காலம் கழித்தே என்று அவரும் எழுதியிருக்கிறார் என்று சிலர் எனக்குப் பதில் சொல்லலாம். சரி, அப்படியானால் அந்தக் கடைசி இரண்டு பயணங்களின் இனிமையை எந்தக் கணக்கில் எழுதுவது?

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்று தமிழ்ச் சபைகள் நிம்மதியாக இருக்க முடியாது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்தவர், 'பெத்லகேம் குறவஞ்சி' பாடியவர், சுவிசேஷக் கவிராயர். அவர் கீர்த்தனைகளை இன்றும் கண்ணீரோடு பாடுகிறார்கள். சபையில் எல்லோரும் கலந்து உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் எடுக்க வேண்டும் என்று புதிதாய் வந்த மிஷனரிமார் சொன்னபோது, சாதி வழக்கத்தின் பக்கம் நின்று எழுதியவரும் அவர்தான். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன், சாதியை விட்டுவிட வேண்டும் என்று கண்டிப்பாக எழுதியனுப்பினார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள். கத்தோலிக்கரும் குறைந்தவர்கள் இல்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஒரே பீடத்தைப் பார்த்து இரண்டு தனித்தனி மண்டபங்கள் வைத்துக் கோயில் கட்டினார்கள், ஒன்று வேளாளருக்கு, ஒன்று நாடாருக்கு. 1910-இல் பாதிரியார் இடையிலிருந்த தடுப்பை எடுத்ததும், பூசை பார்த்துக் கண்ணீர் விட்ட அதே மக்கள் வழக்குப் போட்டார்கள். தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்துச் சுவர் செத்தவர்களையே சாதி பார்த்துப் பிரித்தது. இந்த மண்டபங்களில் முழங்கால் படியிட்டவர்களுக்கு ஆன்மிக நிறைவு கிடைக்கவில்லையா? கிடைத்தது, நிறையவே கிடைத்தது.

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நான் ஏமாற்றுக்காரன். தென் திருவிதாங்கூரில் மிஷன் சபையில் சேர்ந்த நாடார் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டார்கள். ஆதிக்கச் சாதியினர் சந்தையில் அதைக் கிழித்தார்கள். அந்தப் பெண்கள் மறுபடியும் தைத்துப் போட்டார்கள். 1859-இல் அரசர் இறங்கி வந்து, மார்பை மறைக்க அனுமதித்து ஆணையிட நேர்ந்தது. அந்தப் பெண்களுக்குள் என்ன சமாதானம் இருந்ததென்று நமக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். அவர்களுக்குக் கிடைத்த புதுவாழ்வைக் கண்ணால் பார்க்க முடிந்தது. சபைகள் தங்கள் பெருமையை எடுத்துச் சொல்ல விரும்பினால் இதைச் சொல்லட்டும், நானும் கைதட்டுவேன்.

இனி பகுத்தறிவுக்காரர்களான எங்கள் பக்கம். நியூட்டன் கினி கரையில் ஜெபித்துக்கொண்டிருந்த அதே 1750-களில், அற்புதங்களை அக்குவேறாகப் பிரித்த தத்துவஞானி டேவிட் ஹியூம், கறுப்பின மக்கள் இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் என்று சந்தேகிப்பதாகத் தம் கட்டுரை ஒன்றில் அடிக்குறிப்புச் சேர்த்தார். கடவுளை விட்டவருக்கு அந்தப் பலகை தெரியவில்லை, கடவுளைப் பிடித்தவருக்கும் தெரியவில்லை. மூடநம்பிக்கையைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்ற திருப்தியும் ஒருவகை இரட்சிப்புதான். அதற்கும் சாட்சிக் கூட்டங்கள் உண்டு, கைதட்டல் உண்டு.

லூக்கா சொல்லும் சகேயுவின் கதையை விசுவாசிகள் ஞாயிறுப் பள்ளியிலேயே படிக்கிறார்கள்; குட்டையான ஆயக்காரன், காட்டத்தி மரம், எல்லாம் நினைவிருக்கும். அவன் இயேசுவைச் சந்தோஷமாகத்தான் வரவேற்றான். ஆனால் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்ற அறிவிப்பு அந்தச் சந்தோஷத்துக்குக் கிடைத்ததல்ல. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியது நாலத்தனையாகத் திருப்பி, என்று எழுந்து நின்று அவன் கணக்குச் சொன்ன பிறகு வந்தது. பணத்தை இழந்தவர்கள் அதே ஊரில் இருந்தார்கள்; சரிபார்க்க முடியும்.

ஆகவே அடுத்த எழுப்புதல் கூட்டத்துக்கு ஒரு யோசனை. சாட்சி சொன்னவர் இறங்கியதும் ஒலிவாங்கியை அணைக்க வேண்டாம். அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவைக் கூப்பிடுங்கள். அவர் கடையில் சம்பளத்துக்குக் காத்திருக்கும் பையனைக் கூப்பிடுங்கள். அவர் பெரியப்பா புதைக்கப்பட்ட தோட்டத்தில் இடம் கிடைக்காதவரைக் கூப்பிடுங்கள். ஆண்டவர் இவரைத் தொட்டதில் உங்களுக்கு என்ன மாறியது என்று கேளுங்கள். அதற்கு அடுத்த வாரம் அதே திடலில் எங்கள் பகுத்தறிவுக் கூட்டம் நடந்தால், அதே ஒலிவாங்கியை முதலில் பேச்சாளரின் மனைவியிடம் கொடுங்கள். பிறகு மகளிடம். அவள் வேறு சாதிப் பையனை விரும்புவதாகச் சொன்னபோது அப்பா என்ன சொன்னார் என்பதை அவள் சொல்லட்டும்.