"பாவம்" என்ற ஒரு சொல்



போன ஆடிக் கிருத்திகைக்கு அம்பத்தூரிலிருந்து எங்க குரூப்போட குன்றத்தூர் மலைக்குப் போனேன். ஆவடியிலிருந்து வர்ற அண்ணன் ஒருத்தர், போலியோவில் கால் பாதிக்கப்பட்டவர், ஊன்றுகோலோடு படி ஏறினார். அதை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டேன்: "பாவம், இந்த மாற்றுத்திறனாளி அண்ணனே ஏறுறார். நமக்கு என்ன குறை?" ஏகப்பட்ட ஹார்ட் வந்தது.

ராத்திரி அண்ணன் போன் பண்ணார். "தம்பி, மாற்றுத்திறனாளின்னு மரியாதையாத்தான் போட்டிருக்க. முன்னாடி 'பாவம்' எதுக்கு? நானும் உன்னை மாதிரி சாமி கும்பிடத்தானே வந்தேன்? என் பேர் உனக்குத் தெரியுமே?"

எனக்குப் பதில் வரல.

'ஊனமுற்றோர்' என்ற சொல்லை விட்டு 'மாற்றுத்திறனாளிகள்' என்று அரசு எழுதத் தொடங்கியது கலைஞர் முதல்வராக இருந்தபோது. 2010-ல் அவர்களுக்கெனத் தனித் துறையும் வந்தது. 2015-ல் பிரதமர் மோடி 'திவ்யாங்', அதாவது தெய்வீக உடல் கொண்டவர் என்று அழைக்கலாம் என்றார். மாற்றுத்திறனாளி அமைப்புகள் பலவும் அதை ஏற்கவில்லை. எங்களைத் தெய்வமாக்க வேண்டாம், உரிமையைக் கொடுங்கள் என்பதே அவர்கள் வாதம். அன்று அண்ணன் கேட்டதும் கிட்டத்தட்ட இதுதான்.

பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊர் இதே குன்றத்தூர். அவர் சொல்லும் தண்டியடிகள் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திருவாரூர்க் கோயில் குளத்தைப் பெரிதாக்க, கம்பு நட்டுக் கயிறு கட்டி, அதைத் தடவித் தடவியே மண் சுமந்தார். "கண்ணுதான் இல்ல, காதும் போச்சா?" என்ற மாதிரி சிலர் கேலி பேசினார்கள். ஆனால் சேக்கிழாருக்கு முன்பே அவரைப் பாடிய சுந்தரர், 'நாட்டம்' மிகுந்தவர் என்றார். நாட்டம் என்றால் கண் என்றும் பொருள், விருப்பம் என்றும் பொருள். அவருக்கு எது இல்லை என்று தேடாமல், எது நிறைய இருந்தது என்று பார்த்து வைத்த சொல் அது.

நான் கேலி பண்ணல. ஆனா இரக்கப்பட்டு, நானும் அண்ணனோட காலை மட்டும்தான் பார்த்திருக்கேன். சரியான சொல்லைப் போட்டும் பார்வை மாறல.

ஸ்டேட்டஸை எடுத்துட்டு மன்னிப்பு கேட்டேன். இனி யாரைப் பத்திப் போட்டாலும் முதல்ல அவங்களைக் கேட்டுட்டுத்தான் போடணும்னு இருக்கேன். அண்ணன் சிரிச்சார். "சரி விடு. அடுத்த கிருத்திகைக்கு பஸ்ஸுக்கு நிக்காத, என் வண்டியிலயே வா."

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🦚