அடைக்கலத்திற்கு விலை உண்டா?

2022ஆம் ஆண்டு நவம்பர் 27. கத்தார் நாட்டில் நடைபெற்ற உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் கனடாவும் குரோஷியாவும் மோதின. ஆட்டம் தொடங்கி 68 விநாடிகளே ஆகியிருந்தன. வலப்புறத்திலிருந்து உயர்ந்து வந்த பந்தைத் தலையால் முட்டி வலைக்குள் செலுத்தினார் கனடாவின் அல்போன்சோ டேவிஸ். ஆடவர் உலகக் கோப்பையில் கனடா அடித்த முதல் கோல் அது. ஆட்டத்தில் 4-1 என்ற கணக்கில் குரோஷியாவே வென்றது. எனினும் கனடா மக்களின் நெஞ்சில் அந்த ஒரு கோல் நிலைத்துவிட்டது.

அதை அடித்தவர் கனடாவில் பிறந்தவர் அல்லர். லைபீரியாவின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பியோடிய பெற்றோருக்கு, கானா நாட்டின் புடுபுரம் அகதிகள் முகாமில், 2000ஆம் ஆண்டில் பிறந்தவர். எதிரணிக்குத் தலைமை தாங்கிய லூகா மோட்ரிச்சும் போரால் வீடிழந்தவரே. 1991இல், ஆறு வயதில், தம் தாத்தாவைப் போருக்குப் பறிகொடுத்தவர். ஸாடர் நகரில் அகதிகள் தங்கியிருந்த விடுதிகளில் வளர்ந்தவர்.

இத்தகைய வரலாறுகளைக் கேட்டதும் மனம் இரண்டு முடிவுகளுக்கு விரைகிறது. 'துன்பமே மனிதனை உயர்த்துகிறது' என்பது ஒன்று. 'அகதிகளுக்கு இடமளித்ததால் நாட்டிற்கு எத்தனை பெரிய பயன்!' என்பது மற்றொன்று. இரண்டும் நல்லெண்ணத்தில் பிறப்பவைதாம். ஆயினும் இரண்டிலும் ஒரு பிழை மறைந்திருக்கிறது. டேவிஸின் வாழ்க்கையையே சற்று நெருங்கி நோக்கினால் அது விளங்கும்.

உயர்த்தியது எது?

டேவிஸுக்கு ஐந்து வயதாகும்போது, 2005இல், அவரது குடும்பம் கனடாவில் குடியேற அனுமதி பெற்றது. முதலில் விண்ட்சர் நகரம், பின்னர் எட்மன்டன். தாயும் தந்தையும் நீண்ட நேரம் உழைக்க வேண்டியிருந்தது. தம்பியையும் தங்கையையும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு சிறுவனிடம் வந்தது. கால்களில் வேகம் இருந்தது. ஆனால் சங்கத்தில் சேரக் கட்டணம், காலணி, மைதானம் செல்ல வண்டி ஆகியவற்றுக்கு வழி இல்லாத வீடு அது.

அந்நகரில் 'ஃப்ரீ ஃபுட்டி' என்றொரு திட்டம் இருந்தது. வசதியற்ற பள்ளிச் சிறுவர்கள் பள்ளி நேரம் முடிந்தபின் கட்டணமின்றிக் கால்பந்து ஆட வழிசெய்த திட்டம். ஆடுவதற்கு வேண்டியவற்றோடு போக்குவரத்துக்கும் அதில் ஏற்பாடு உண்டு. டேவிஸ் ஆடத் தொடங்கியது அங்கேதான். 14 வயதில் வான்கூவர் நகரின் தொழில்முறைச் சங்கம் அவரைப் பயிற்சிக்கு அழைத்தது. 15 வயதில் வட அமெரிக்காவின் முதன்மைப் போட்டித் தொடரில் களமிறங்கினார். 2017இல் கனடாவின் குடியுரிமை கிடைத்தது. அடுத்த சில நாட்களிலேயே தேசிய அணியில் ஆடினார். 2019இல் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் அணியில் இணைந்து, 2020இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை வென்ற அணியில் ஒருவரானார்.

இதில் துன்பத்தின் பங்கு என்ன? புடுபுரத்தில் இருந்தோர் அனைவரும் துன்புற்றவர்களே. துன்பம்தான் மனிதனை உயர்த்தும் என்றால், அம்முகாமின் ஒவ்வொரு குழந்தையும் உயர்ந்திருக்க வேண்டும். டேவிஸை உயர்த்தியவை அவருடைய திறமையும் இடைவிடாத உழைப்பும். அவற்றுக்கு இடமளித்தவை ஒரு வீடு, ஒரு பள்ளி, ஒரு மைதானம். துன்பத்தைப் புகழ்வதில் ஓர் அபாயம் உண்டு. அதைப் புகழத் தொடங்கியவன் அதை நீக்கும் கடமையை மெல்ல மறந்துவிடுகிறான்.

புறா திருப்பித் தந்தது என்ன?

இரண்டாவது முடிவு இதைவிட நுட்பமானது. பயனைக் காட்டி அடைக்கலத்தை நியாயப்படுத்துவது கருணையின் குரல்போலவே ஒலிக்கும். ஆனால் அடுத்த கணமே ஒரு கேள்வி எழுகிறது: பயன் தராதவருக்கு?

சிபிச் சக்கரவர்த்தியின் கதை தமிழருக்குப் பழக்கமானது. சோழர் குலத்தின் முன்னோனாகவே அவனைச் சங்கப் புலவர்கள் போற்றினர். பருந்துக்கு அஞ்சி வந்த புறாவிடம் அவன் எதையும் எதிர்பார்க்கவில்லை. புறாவால் அவன் படை பெருகப் போவதில்லை. கருவூலம் நிறையப் போவதுமில்லை. அஞ்சி வந்தது என்ற ஒரே காரணம் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. துலாத்தட்டில் அவன் வைத்தது தன் தசையை. புறாவின் தகுதியை அவன் எடைபோடவில்லை.

குரோஷியாவுடனான ஆட்டத்திற்கு நான்கு நாட்கள் முன்பு, பெல்ஜியத்துக்கு எதிரான ஆட்டத்தில், கனடாவுக்கு ஒரு பெனால்டி வாய்ப்பு கிடைத்தது. அதை அடித்தவர் டேவிஸ். எதிரணிக் கோல்காவலர் அதைத் தடுத்துவிட்டார். கனடா தோற்றது. அன்று அவர் கனடாவில் வாழும் தகுதியில் ஒரு துளியேனும் குறைந்தாரா? 27ஆம் நாள் கோல் அடித்ததால் அத்தகுதி கூடியதா? இரண்டும் இல்லை. ஐந்து வயதுக் குழந்தைக்குக் கதவு திறக்கப்பட்டது, அது குழந்தை என்பதாலும் அதற்கு வீடில்லை என்பதாலுமே.

ஒரு நாட்டின் வளத்திற்கு எல்லை உண்டு, எத்தனை பேரைத் தாங்க முடியும் என்று எண்ணுவது ஆள்வோரின் கடமையல்லவா என்று கேட்கலாம். கடமைதான். ஆனால் எத்தனை பேர் என்ற கணக்கு வேறு. எவர் உயிருக்கு மதிப்பு அதிகம் என்ற கணக்கு வேறு. முன்னது விவேகம். பின்னது மனிதனைச் சரக்காக்கும் செயல். 2024ஆம் ஆண்டின் இறுதியில் உலகெங்கும் வலுக்கட்டாயமாக இடம்பெயர்ந்தோர் 12 கோடியே 32 இலட்சம் பேர் என்கிறது ஐ.நா. அகதிகள் ஆணையம். டேவிஸின் குடும்பத்தைப்போல் மூன்றாவது நாடொன்றில் ஓராண்டில் மறுவாழ்வு பெறுவோர், அகதிகளில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. எஞ்சியோரில் கோல் அடிக்கத் தெரியாதவர்களே மிகப் பலர்.

நன்றியும் வணிகமும்

அவ்வாறெனில் பெற்றவருக்குக் கடமை இல்லையா? உண்டு. 2018இல், 17 வயதில், மாஸ்கோவில் உலகக் கால்பந்துப் பேரவையின் முன் நின்ற டேவிஸ், தம் குடும்பத்தைக் கனடா வரவேற்றதை எடுத்துரைத்தார். 2021இல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் நல்லெண்ணத் தூதரானார். பெற்ற உதவியைத் தமக்குப் பின்னால் நிற்பவரை நோக்கித் திருப்பிவிட்டார். நன்றி என்பது பெற்றவன் உள்ளத்தில் தானே ஊற வேண்டியது. கொடுத்தவன் கேட்டு வாங்கினால் அது வணிகமாகிவிடும்.

எட்மன்டனில் சிறுவர்களை ஆட அழைத்துச் சென்றவர்களுக்கு, அவர்களில் ஒருவன் ஒருநாள் உலகக் கோப்பையில் கோல் அடிப்பான் என்பது தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. அவனோடு ஆடிய ஏனைய சிறுவர்களின் பெயர்களை உலகம் அறியாது. அவர்களுக்குக் கிடைத்த காலணியும் அந்த மாலை நேரத்து மகிழ்ச்சியும் அதனால் வீணாகிவிடவில்லை. அவர்களுள் ஒருவரும் புகழ் பெறாதிருந்தாலும் அந்தப் பணி முழுமையானதே.