தள்ளி இருத்தலும் தள்ளி வைத்தலும்

செங்கல்பட்டு நகரை ஒட்டித் திருமணி என்றொரு சிற்றூர் உண்டு. 1920-களில் லேடி வில்லிங்டன் பெயரால் தொழுநோயாளருக்கான ஓர் இல்லம் அங்கே தோன்றிற்று. 1955-இல் அதனை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. இன்று அது தொழுநோய்க்கான மத்தியப் பயிற்சி, ஆய்வு நிறுவனமாக விளங்குகிறது. அதே திருமணியில், ஏறத்தாழ 600 கோடி ரூபாய்ச் செலவில் மத்திய அரசு நிறுவனம் ஒன்று எழுப்பிய தடுப்பூசி வளாகமும் இருக்கிறது. 2021 மே மாதத்தில் தடுப்பூசிக்காக நாடே ஏங்கிக் காத்திருந்தபோது அந்த வளாகம் உற்பத்தி எதுவுமின்றி நின்றது. முதலமைச்சர் நேரில் வந்து பார்வையிட்டு, அதனை இயக்க வழி தேடியதும் அந்த மாதத்தில்தான்.

தொற்றுநோய் கண்ட மனிதனை என்ன செய்வது என்ற கேள்விக்கு மனிதகுலம் கண்ட இரு விடைகள் இவ்வாறு ஒரே ஊரில் நிற்கின்றன. ஒன்று, அவனை விலக்கி வைப்பது. மற்றொன்று, நோய் வருமுன் அனைவரையும் காப்பது. 2020-இல் கொரோனாக் கிருமி நம்மிடம் வந்தபோது இரண்டாம் விடை நம் கையில் இல்லை. ஆகவே முதல் விடையை நாடு முழுமைக்கும் விரித்தோம். மார்ச் 24 நள்ளிரவு முதல் ஊர் அடங்கிற்று. ஆலயக் கதவுகள் மூடின. அவ்வாண்டு ஏப்ரல் 12-ஆம் நாள் உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியைக் குருக்கள் வெற்று இருக்கைகளை நோக்கி நிறைவேற்றினோம். தமிழகத்தில் வழிபாட்டுத் தலங்கள் எல்லாம் மீண்டும் திறக்கச் செப்டம்பர் முதல் நாள்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

உலக நலவாழ்வு நிறுவனம் 2023 மே 5-இல் அந்த நெருக்கடி நிலை முடிந்ததென அறிவித்துவிட்டது. எனினும் அறநெறி எழுப்பும் ஒரு வினா முடியவில்லை. உயிரைக் காப்பதற்காக உறவைத் துண்டிப்பது நியாயமா? நியாயம் எனில், எந்த எல்லைவரை?

உடலும் உள்ளமும் ஒன்றே

நலம் என்பதை உடலின் நலம் மட்டுமாகக் கொண்டால் இவ்வினாவுக்கு விடை எளிது. மூச்சு நிற்காதிருந்தால் போதும், மற்றவை பிறகு என்று சொல்லிவிடலாம். ஆனால் திரு அவையின் போதனை மனிதனை அவ்வாறு கூறுபோடுவதில்லை. ஆன்மா உடலுக்குள் குடியிருக்கும் விருந்தாளி அன்று. அதுவே உடலுக்கு உயிரும் வடிவும் தருவது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் கற்பித்தார். 1312-இல் வியென் பொதுச்சங்கமும் அவ்வாறே உரைத்தது. உள்ளம் நொந்தால் உடல் நோகும். உடல் நொந்தால் உள்ளமும் சாயும்.

இன்றைய மருத்துவமும் வேறு வழியாக இதே இடத்திற்கு வந்து சேர்கிறது. அச்சமோ கவலையோ நீடிக்கும்போது உடலில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு மிகுகிறது. குறுகிய ஆபத்தில் அது உதவி செய்யும். மாதக்கணக்கில் நீடித்தால் குருதி அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஏற்றும், உறக்கத்தைக் கெடுக்கும், நோயை எதிர்க்கும் ஆற்றலைக் குறைக்கும். ஷெல்டன் கோஹன் என்னும் உளவியல் அறிஞர் தம் குழுவினருடன் 1991-இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் புகழ்பெற்றது. மனமுவந்து முன்வந்தோரின் மூக்கில் சளிக்கிருமிகளை இட்டு, தனித்து வைத்துக் கவனித்தார்கள். கிருமி எல்லோருக்கும் பொதுவாகவே இடப்பட்டது. ஆயினும் மன அழுத்தம் மிகுந்தோரிடையே நோய்த்தொற்றும் மிகுந்திருந்தது. எந்தக் கிருமிக்கு அஞ்சிக் கதவைச் சாத்தினோமோ, அத்தகைய கிருமிகளுக்கு, சாத்திய கதவுக்குள் பெருகும் கவலையே துணைபோகக்கூடும் என்பது இதன் பொருள்.

பெருந்தொற்றின் முதல் ஆண்டில் உலகெங்கும் மனப்பதற்றமும் மனச்சோர்வும் 25 விழுக்காடு மிகுந்தன என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2022-இல் கூறிற்று. இந்தியாவில் வீட்டுக்குள் நடக்கும் வன்முறை பற்றிய முறையீடுகள் பெருகியதாகத் தேசிய மகளிர் ஆணையம் தெரிவித்தது. கிருமிக்கு அரணாக இருந்த அதே வீடு, சில பெண்களுக்குச் சிறையாகவும் இருந்தது.

உயிர் பெரிது, எனினும் உயிரே எல்லாம் அன்று

இதனால் ஊரடங்கே தவறு என்று முடிவு கட்டுவதும் பிழையாகும். அக்காலத்தில் நம்மிடையே இரு குரல்கள் எழுந்தன. நம்பிக்கை உள்ளவனுக்கு முகக்கவசம் எதற்கு என்றது ஒரு குரல். ஆலயத்தை மூடிய ஆயர்களைக் கோழைகள் என்றுகூடச் சிலர் பேசினர். ஆண்டவரைச் சோதிக்காதிருப்பதும் நம்பிக்கையின் ஒரு பகுதியே. கோவில் உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னவன் யார் என்பதை நற்செய்தி படித்த நாம் அறிவோம்.

மற்றொரு குரல் இதற்கு நேர்மாறானது. உயிர் தப்பினால் போதும், திருப்பலியும் திருமணமும் இறுதிச் சடங்கும் கூட்டமும் இல்லாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று அது கேட்டது. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி இவ்விரண்டையும் ஏற்பதில்லை. உயிரும் உடல்நலமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த கொடைகள்; பிறர் தேவையையும் பொது நன்மையையும் எண்ணி அவற்றை நியாயமான முறையில் பேண வேண்டும் என்கிறது. அடுத்து, உடலின் வாழ்வே தனிப்பெரும் மதிப்பீடு அன்று என்றும் எச்சரிக்கிறது. 1957-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மருத்துவர்களிடம் பேசியபோது, உயிர் காக்க இயல்பான வழிகளைக் கையாளும் கடமை உண்டென்றும், உயர்ந்த ஆன்ம நன்மைகளை அடைய இடராகும் அளவுக்குச் சுமையான வழிகளைக் கையாளும் கடமை இல்லையென்றும் விளக்கினார். தனிமனிதனுக்குச் சொன்ன இந்த அளவுகோல் சமூகத்திற்கும் பொருந்தும்.

1576-இல் மிலான் நகரைக் கொள்ளைநோய் தாக்கியபோது அதன் பேராயர் புனித கார்லோ பொரோமேயோ வீட்டில் அடைபட்ட மக்களைத் தெருவுக்கு அழைக்கவில்லை. தெருச் சந்திகளில் பலிபீடம் அமைத்து, சாளரத்தின் வழியே அவர்கள் திருப்பலியைக் காணச் செய்தார். மக்கள் தள்ளி இருந்தார்கள். ஆனால் தள்ளி வைக்கப்படவில்லை.

நம் வினாவுக்கான திறவுகோல் இவ்விரு சொற்களுக்கு இடையில்தான் இருக்கிறது. தள்ளி இருப்பது அன்பின் செயலாகலாம்; முதிய தாயின் உயிரைக் காக்க வாசலோடு திரும்பிய மகன் அதனை அறிவான். தள்ளி வைப்பதோ வேறு. அதில் விலகுகிறவன் தன்னைக் காத்துக்கொள்கிறான். விலக்கப்பட்டவன் என்ன ஆனான் என்று கேட்பதில்லை. “சமூக இடைவெளி” என்ற சொல்லாட்சி பலருக்குக் கூசிற்று. தீண்டாமையை நூற்றாண்டுகளாகச் சுமந்த நம் ஊர்களுக்கு அச்சொல் புதிதன்று அல்லவா?

சுமை யார் தோளில்?

தள்ளி இருத்தல் எப்போது தள்ளி வைத்தலாக மாறுகிறது? அதன் சுமை ஒரு சிலர் தோளில் மட்டும் ஏறும்போது என்பேன்.

மாமல்லபுரம் கடற்கரையை எண்ணிப் பாருங்கள். 2019 அக்டோபரில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் அங்கே சந்தித்தபோது உலகின் கண்கள் யாவும் அந்தக் கற்கோவில்மேல் இருந்தன. ஐந்தே மாதங்களில் நினைவுச் சின்னங்கள் அடைக்கப்பட்டன, தெருக்கள் வெறிச்சோடின. அவ்வூரின் கற்சிற்பங்களுக்கு 2017-இல் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது. வாங்குவோர் வராத ஊரில் அந்தப் பெருமை அடுப்பை எரிக்கவில்லை, உளியோசை ஓய்ந்தது. அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைக் காண வரும் பயணிகளும் இல்லாமற்போயினர்.

மீனவர் நிலை இன்னும் நுட்பமானது. ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் தடைக்காலம். அந்நாட்களில் பைபர் படகிலும் கட்டுமரத்திலும் செல்லும் சிறு மீனவரின் மீனுக்கு நல்ல விலை கிடைப்பது வழக்கம். 2020-இல் ஊரடங்கின் தொடக்க வாரங்களில் அப்படகுகளும் கரையேறின. பின்னர் கடலுக்குப் போக இசைவு கிடைத்தபோதும், பிடித்ததை விற்கச் சந்தையில்லை. மறைமலைநகர், ஒரகடம் பகுதித் தொழிற்கூடங்களில் வேலைசெய்த வடமாநிலத்தவரோ, மே மாதம் சிறப்பு ரயில்கள் வரும்வரை ஊருமின்றி ஊதியமுமின்றித் தவித்தனர். வீட்டிலிருந்தே பணிபுரியும் வசதி பெற்றவனுக்கு ஊரடங்கு ஓய்வு. அன்றாடம் கூலி பெறுகிறவனுக்கு அது பட்டினி. ஒரே சட்டம், இரண்டு சுமை.

மார்ச் 27 மாலையில், மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் ஆளற்ற புனித பேதுரு சதுக்கத்தில் மழையில் நின்று, ஏரியில் புயலுக்கு அஞ்சிய சீடரைப் பற்றிய நற்செய்தியை எடுத்துரைத்தார். அனைவரும் ஒரே படகில் இருக்கிறோம் என்பதே அவர் நினைவூட்டியது. கடலோர மக்கள் அதனை இன்னும் கூர்மையாகப் புரிந்துகொண்டிருப்பர். ஒரே படகிலும் அணியத்தில் நிற்பவனுக்கும் அடித்தளத்தில் கிடப்பவனுக்கும் தண்ணீர் ஒரே நேரத்தில் ஏறுவதில்லை.

காண முடியாத முகம்

பட்டினியைவிட ஆழமான காயம் ஒன்று உண்டு. அது காணாமற்போன விடைபெறுதல். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இதே கரையைத் தாக்கியது. அன்றும் மரணம் வந்தது. ஆனால் அன்று உள்ளூர்களிலிருந்து மக்கள் சோற்றுப் பொட்டலங்களோடு ஓடிவந்தனர், கட்டிப்பிடித்து அழுதனர், தேடி எடுத்து அடக்கம் செய்தனர். துக்கத்திற்குத் தோள் கிடைத்தது. 2020-இலும் 2021-இலும் தோளே ஆபத்தாயிற்று. ஒப்பாரி வைக்கக் கூட்டமில்லை. மூன்றாம் நாள், முப்பதாம் நாள் என்ற முறைமைகள் இல்லை.

2021 மே 4 இரவு, செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில மணி நேரத்திற்குள் பத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்தனர். ஆக்சிஜன் குறைந்ததே காரணம் என்றனர் உறவினர். நிர்வாகம் அதை மறுத்தது. அந்த வாக்குவாதத்திற்குத் தீர்ப்பு எழுதுவது இக்கட்டுரையின் வேலையன்று. ஆனால் வாசலுக்கு வெளியே நின்று செய்திக்குக் காத்திருந்தவர்களின் வலியை எந்தத் தீர்ப்பும் முழுமையாக ஆற்றாது.

கடற்கரைப் பங்கு ஒன்றில் கணவனை இழந்த ஒரு தாய் என்னிடம் சொன்னது: “சாமி, மூட்டையா கட்டிக் குடுத்தாங்க. உள்ள இருந்தது அவருதானான்னு இன்னிக்கும் ராத்திரில தோணுது.” அவருக்கு உறக்கமில்லை, குருதி அழுத்தம் ஏறியிருக்கிறது. மருத்துவச் சீட்டில் அது அழுத்தம் என்று மட்டுமே இருக்கும். அதன் வேர், காணாத முகம்.

சென்னையில் 2020 ஏப்ரலில், தொற்றால் இறந்த நரம்பியல் மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்ய விடாமல் கூட்டமொன்று கல்லெறிந்து தாக்கியது. உயிர்காத்தவருக்கே ஆறடி மண் மறுக்கப்பட்டது. அதன்பின் அடக்கத்தைத் தடுப்போரைத் தண்டிக்கத் தமிழக அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. தன் உயிருக்கு ஆபத்து என்று அறிந்தும் இறந்தோரைப் புதைத்த தோபித்தின் கதையை மறைநூலில் கொண்டிருக்கும் நமக்கு, அச்சம் மனிதரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் தேவையில்லை. அங்கே நிகழ்ந்தது தள்ளி இருத்தல் அன்று, தள்ளி வைத்தல்.

பாளையத்திற்கு வெளியே

லேவியர் நூலின் 13-ஆம் அதிகாரம் தொழுநோயாளன் பாளையத்திற்கு வெளியே தனியே குடியிருக்க வேண்டும் என்று விதிக்கிறது. மருந்து இல்லாத காலத்தில் சமூகத்தைக் காக்க எழுந்த ஏற்பாடு அது. இயேசு அதனை அறியாதவர் அல்லர். மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் அவர் தொழுநோயாளனைத் தொடுகிறார். பின்னர்ச் சட்டப்படி குருவிடம் காட்டிக்கொள்ளவும் அனுப்புகிறார். அந்நிகழ்ச்சியின் இறுதி வசனத்தை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. குணமானவன் ஊருக்குள் சென்று செய்தியைப் பரப்புகிறான். இயேசுவோ வெளிப்படையாக ஊருக்குள் நுழைய முடியாமல் தனிமையான இடங்களில் தங்குகிறார். இருவரும் இடம் மாறிக்கொண்டனர்! வெளியே இருந்தவன் உள்ளே வந்தான். உள்ளே இருந்தவர் வெளியே போனார். அடுத்தவனின் தனிமையைத் தாமே ஏற்றுக்கொள்வதுதான் ஆண்டவரின் குணமளிக்கும் முறை. இறுதியில் அவர் மரித்ததும் நகருக்கு வெளியேதான்.

விலக்கத்தின் நியாயத்தை அளக்க இங்கிருந்து மூன்று அளவுகள் பெறலாம். விலகுதல் பிறர் உயிர் காக்கவே நிகழ வேண்டும். அதன் சுமையை வலியோர் மிகுதியாக ஏற்க வேண்டும். விலக்கப்பட்டவரை நாடிச் செல்லும் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். முதல் அளவில் நம் சமூகம் பெரும்பாலும் தேறியது. இரண்டாவதில் தவறியது. மூன்றாவதை, உயிரைப் பணயம் வைத்த செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் தன்னார்வலரும் நம் பொருட்டு நிறைவேற்றினர்.

ஒதுக்கம் நோயைவிட நீண்ட ஆயுள் உடையது. தொழுநோய்க்குக் கூட்டுமருந்துச் சிகிச்சை 1980-களிலேயே வந்துவிட்டது. ஆனால் அந்நோயைக் காட்டி மணமுறிவு கேட்க இடமளித்த சட்டப் பிரிவுகள் நம் நாட்டில் 2019-இல்தான் நீங்கின. பெருந்தொற்றுக் காலத்தில் கற்ற விலக்கமும் இவ்வாறே நம்மிடம் தங்கிவிடக் கூடும். கைப்பேசியில் திருப்பலி கண்ட பழக்கத்தால் ஆலயம் வராதோர் உண்டு. துக்கம் விசாரிப்பதைக் குறுஞ்செய்தியோடு முடித்துக்கொள்வோர் உண்டு. மருமகளின் சோர்வைச் சோம்பல் என்போர் உண்டு.

ஆகவே பங்குதோறும் செய்யத்தக்கவை சில. அவ்விரு ஆண்டுகளில் முறையான வழியனுப்புதல் இன்றி அடங்கியோரின் பெயர்களைத் திரட்டி, நவம்பர் மாதத்தில் ஒரு நாள், பெயர் சொல்லித் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம். கல்லறை இருந்தால் அங்கே, இல்லையேல் ஆலயத்தில். அன்பியங்கள் அக்குடும்பங்களை மீண்டும் ஒருமுறை நாடிச் செல்லலாம். உறக்கமின்மையும் நீங்காத அச்சமும் நம்பிக்கைக் குறைவின் அடையாளம் அல்ல, மருத்துவம் வேண்டும் நோய் என்பதை மறையுரையிலும் சொல்லலாம். 2022 முதல் செயல்படும் 14416 என்னும் மனநல உதவி எண்ணை ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்கலாம்.

மேற்சொன்ன தாய்க்கு மருந்தும் வேண்டும், மன்றாட்டும் வேண்டும். இவ்விரண்டுக்கும் முன்னால், அவர் வீட்டுத் திண்ணையில் சற்று நேரம் உட்கார்ந்து, இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்க ஒருவர் வேண்டும். அதற்கு இப்போது எந்தத் தடையும் இல்லை.